சீனப் பிள்ளைகளை ஓட வைக்கும் வார்த்தை!

இங்கிலீஷில் "ரன்" என்று ஒரு வார்த்தை. மூன்றே எழுத்து. "ஓடு" என்று அர்த்தம். கிரிக்கெட் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம்.

ஆனால் சீனாவில் இந்த மூன்றெழுத்து படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அங்கே 2001-ம் ஆண்டு முதல் மூன்றாம் வகுப்பிலேயே இங்கிலீஷ் தொடங்குகிறது. "ரன்" என்று எழுதி, பக்கத்தில் "பாவ்" என்று சீன எழுத்தில் குறித்துக்கொள்கிறார்கள். "பாவ்" என்றால் காலால் ஓடுவது. நாய் ஓடுகிறது, பையன் ஓடுகிறான். எல்லாம் சரியாகவே போகிறது.

பிறகு ஒரு நாள், "மூக்கு ரன் பண்ணுகிறது" என்று ஒரு வாக்கியம் வருகிறது. மூக்குக்குக் கால் ஏது? பையன் விழிக்கிறான். மூக்கு ஒழுகுகிறது என்று அர்த்தம். சீன பாஷையில் அதற்கு "லியூ" என்று வேறு வார்த்தை. ஆறு பாய்ந்தாலும் "லியூ"தான். இங்கிலீஷிலோ ஆறும் ரன் பண்ணுகிறது!

அடுத்த பாடத்தில் ஒருவர் ஹோட்டலை ரன் பண்ணுகிறார். ஹோட்டலைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, ஐயா, நடத்துகிறார். இன்னொருவர் தேர்தலுக்கு ரன் பண்ணுகிறார். இதில் ஒரு வேடிக்கை. தேர்தலில் நாம் "நிற்கிறோம்". இங்கிலாந்துக்காரரும் நிற்கிறார். அமெரிக்கர் மட்டும் ஓடுகிறார்!

இதோடு விட்டதா? ஒரு சிறு வார்த்தை வாலாக ஒட்டிக்கொண்டால் அர்த்தமே மாறிவிடுகிறது. "ரன் அவுட்" என்றால் மைதானத்தில் ஆட்டக்காரர் வெளியேறுகிறார். சமையல் அறையில் சர்க்கரை தீர்ந்துபோகிறது. "ரன் இன்ட்டு" என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, மோதிக்கொள்வதும் அதுவே. சிநேகிதனைக் கடைத்தெருவில் சந்தித்ததாக எழுதியிருப்பதைப் படித்து, "ஐயோ, அடி பலமோ?" என்று ஒரு மாணவன் நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காரர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். "ரன்" என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்கள் என்று 2011-ல் செய்தி வந்தது.

நமக்கு இதில் பாதிக் கஷ்டம்தான். நம் "ஓடு" பல இடங்களில் கை கொடுக்கிறது. பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, சினிமாப் படம் நூறு நாள் ஓடுகிறது. சீனருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் பேச்சில் கடிகாரம் ஓடாது, நடக்கும்!

இங்கிலீஷை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. சீனத்தில் "காய்" என்று ஒரு சொல். கதவு திறப்பதும் "காய்", கார் ஓட்டுவதும் "காய்", விளக்குப் போடுவதும் "காய்", கூட்டம் நடத்துவதும் "காய்". கடை வைத்து நடத்துவதற்கும் அதுவே. இந்தப் பழக்கத்தில், "விளக்கைப் போடு" என்று இங்கிலீஷில் சொல்ல வந்த சீனப் பையன், "விளக்கைத் திற" என்று சொல்லிவிடுகிறான். ஆக, ஒரு வார்த்தைக்குப் பல அர்த்தம் இருப்பது குற்றமல்ல. அது எல்லா பாஷையிலும் உண்டு. ஒரு வார்த்தைக்கு எதிரே ஒரே அர்த்தத்தை எழுதி உருப்போட வைக்கும் முறையைத்தான் நான் குறை சொல்கிறேன்.

சீனாவில் வார்த்தைப் பட்டியல் புத்தகங்கள் ஏராளம். அகர வரிசையில் அச்சிட்ட பலவற்றில் முன்னணியில் நிற்கும் வார்த்தை "அபாண்டன்". நம் அபாண்டம் அல்ல. "கைவிடு" என்று அர்த்தம். முதல் வார்த்தையைப் படித்ததுமே படிப்பைக் கைவிட்டோம் என்று மாணவர்களே கேலி பேசுவார்கள்.

ஆனால் பரீட்சை கேலிக்குரியதல்ல. பல்கலைக்கழகத்தில் சேருவதற்கான பரீட்சை அது. 2024-ல் அதற்குப் பெயர் கொடுத்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மார்க் 750. அதில் இங்கிலீஷுக்கு 150. அந்தத் தாளில் கதை போல ஒரு பகுதி வரும். நடுநடுவே காலி இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வார்த்தைகள்; பொருத்தமானதை எடுத்துப் போட வேண்டும். பட்டியலை உருப்போட்டவனுக்கு நான்குக்கும் சீன அர்த்தம் தெரியும். எது எங்கே பொருந்தும் என்பதுதான் தெரியாது!

பட்டணத்துப் பிள்ளை இங்கிலீஷ் சினிமா பார்த்தோ, பேச்சைக் கேட்டோ தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டுவிடும். வயல்காட்டுக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் புத்தகம்தான் கதி. ராத்திரி பகலாக உருப்போட்டும் மார்க் குறைந்தால், "எனக்கு மூளை இல்லை" என்று அது தன்னையே நொந்துகொள்ளும். இது பெரிய அநியாயம்.

நிறைந்த வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று உபாத்தியாயர்கள் கேட்கலாம். ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை கொடுப்பதற்குப் பதில் ஐந்து கொடுக்கட்டுமே! "ரன்" என்பதற்கு நேராக "பாவ்" என்று எழுதுவதை விட்டு, பையன், மூக்கு, ஆறு, ஹோட்டல், சர்க்கரை என்று ஐந்து வாக்கியங்கள் எழுதிக்கொள்ளட்டும். நோட்டில் அரைப்பக்கம்கூட ஆகாது.