எட்டே படங்கள்

“கைப்பேசியிலே நொடிக்குப் பத்துப் படம் எடுக்கலாமே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள பழைய பிலிம் காமிராவைச் சுமந்து திரிவானேன்?” என்று எம் வகுப்பு நண்பர் எம்மை எள்ளுவதுண்டு. அதற்கு விடை கூறவே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எம் தாய்மாமன் எமக்களித்த அக்கருவி ஜப்பான் நாட்டு பூஜி ஜி.டபிள்யூ. 690 ஆகும். 1901 முதல் வழங்கிவரும் 120 என்னும் சுருளில் இஃது எட்டுப் படங்களே தரும். ஒவ்வொன்றும் 35 மில்லிமீட்டர் பிலிமிற் பதியும் படத்தினும் ஐந்து மடங்கிற்கு மேற்பட்ட பரப்புடையது. மின்கலம் வேண்டுவதில்லை, ஒளியை அளக்கும் உறுப்பும் இல்லை. பார்வைச் சாளரத்தின் நடுவே பொருள் இரண்டாய்த் தோன்றும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அவ்விரண்டும் நெருங்கி ஒன்றாகும்; அப்பொழுதே படம் தெளிவுறும்.

சென்ற தைத் திங்களில் இதனுடன் திருமுக்கூடல் சென்றோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தே, பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் உள்ளது அவ்வூர். ஆண்டுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீரராசேந்திர சோழனது நெடுங்கல்வெட்டு ஒன்றுண்டு. கோயிலைச் சார்ந்திருந்த கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் அது கூறுகின்றது. மருத்துவர், சல்லியக்கிரியை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர் பெற்ற ஊதியமும், சேமித்து வைத்தற்குரிய மருந்துகளின் பெயரும் அதிற் காணலாம்.

முக்காலி நிறுத்துவதற்கு முன்அனுமதி வேண்டும். எனவே கையிலேந்தியே எடுத்தோம். வெயில் சுவரின்மீது சாய்ந்து விழும்பொழுதே வெட்டெழுத்து நிழல்கொண்டு விளங்குமாதலின் அவ்வேளைக்குக் காத்திருந்தோம். எட்டே படங்கள் உள்ளன. எப்பகுதியை எடுப்பது, எதனை விடுவது? இதனை முடிவு செய்யும்பொருட்டு வரிவரியாய் விரல்வைத்துப் படிக்க வேண்டியதாயிற்று. உடன்வந்த நண்பரோ நொடிப்பொழுதில் சுவர் முழுவதையும் கைப்பேசியில் அள்ளிக்கொண்டு இளநீர் பருகச் சென்றுவிட்டார்.

நிற்க. ஊர் மீண்டு பிலிமைக் கழுவிப் பார்த்தபொழுது எட்டும் வெறுமையாயிருந்தன! இவ்வகைக் கருவியிற் பார்க்கும் சாளரம் வேறு, படம் பிடிக்கும் வில்லை வேறு. வில்லையின் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கின்றோம். சாளரத்தில் யாவும் ஒளியுடன் தோன்றியமையால் பிழை புலப்படவில்லை. நண்பர் நகைத்தார். ஆயினும் ஆதுலர் சாலைப் பகுதி கல்வெட்டில் எங்குள்ளதென ஆசிரியர் வினவியபொழுது, தம் கைப்பேசியில் நெடுநேரம் தேடியும் அவராற் காட்ட இயலவில்லை. யாம் படமின்றியே கூறினோம்.

பிலிமே சிறந்ததென்பது எம் வாதமன்று. கல்வெட்டாராய்ச்சிக்கு மைப்படியே இன்றும் துணை. அன்றியும், 1858இல் லின்னேயஸ் டிரைப் என்பார் தஞ்சைப் பெரியகோயில் அடித்தளக் கல்வெட்டை 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒரே நீண்ட படமாக இணைத்தார். அத்தகு பணிக்கு எட்டுப் படம் போதாது. கற்கும் மாணவர்க்கோ எட்டே போதும். எனவே, தமிழ் ஹானர்ஸ் வகுப்பின் அடுத்த கல்வெட்டுப் பயணத்தில், கருவி எதுவாயினும் ஒருவர்க்கு எட்டுப் படங்களே என வரையறுக்குமாறு துறையினரை வேண்டுகின்றோம்.

வரும் விடுமுறையில் மீண்டும் திருமுக்கூடல் செல்லவிருக்கின்றோம். இம்முறை மூடியை விடுதி அறையிலேயே விட்டுச் செல்வதாக உத்தேசம்.