தீர்மானம் எழுதும்போதே எங்களைக் கேளுங்கள்

கட்சிகளிலும் தொழிற்சங்கங்களிலும் விவசாய சங்கங்களிலும் பகுத்தறிவு மன்றங்களிலும் உழைக்கும் தோழர்களுக்கும், இவற்றுக்கு நன்கொடை தந்து தாங்கிவரும் கடலூர், சிதம்பரம் வட்டாரப் பொதுமக்களுக்கும், இதே அமைப்புகளில் உறுப்பினர்களாக இருக்கும் திருப்பாதிரிப்புலியூர்ப் பெண்கள் விடுக்கும் வேண்டுகோள்.

நம் ஊரில் மேடை போட்டால் அஞ்சலையம்மாள் பெயர் வராமல் போகாது. காந்தி அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்றார் என்பார்கள். 1934இல் அவரைச் சந்திக்கக் காந்திக்கு அரசு தடை போட்டபோது, அவரே பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து காந்தியைப் பார்த்தார் என்பார்கள். கைத்தட்டல் விழும். இரண்டு கதையிலும் நடுவில் நிற்பவர் காந்திதான். 1890இல் கடலூர் முதுநகரில் பிறந்த அந்த அம்மையார் வீட்டையும் நிலத்தையும் விற்று விடுதலைப் போராட்டத்துக்குக் கொடுத்தவர். 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சின்னஞ்சிறு மகளையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனவர். 1937இல் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். தீர்த்தாம்பாளையத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று வீராணத்திலிருந்து கிளை வாய்க்கால் வரவைத்தார்; அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்றே பெயர். சிறைக்குப் போன அஞ்சலையை மாலை போட்டு நினைக்கிறோம். வாய்க்கால் கேட்டு வாங்கிய அஞ்சலையை மேடையில் கேட்பது அரிது.

இன்னொருவர் சுயமரியாதை இயக்கத்தில் உழைத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானித்தது. அந்த இயக்கத்தின் தலைவருக்கே பெயர் வைக்கும் இடத்தில் பெண்கள் இருந்தார்கள். 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்க முடியாது என்றார் இராமாமிர்தம் அம்மையார். சொன்னதோடு நிற்காமல் விலகியும் போனார். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் வாதாடலாம், எங்களுக்குள்ளேயே அதில் ஒத்த கருத்து இல்லை. தலைவரின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் பெண் அன்று இயக்கத்தில் இருந்தார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

இன்று என்ன நடக்கிறது? கலெக்டர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் என்றால் பெண்களை முன்வரிசையில் உட்கார வைக்கிறீர்கள், போலீஸ் கை வைக்கத் தயங்கும் என்று. வெயில் எங்களுக்கு. "அஞ்சு பேர் மட்டும் பேச வாங்க" என்று உள்ளிருந்து அழைப்பு வந்ததும் ஐந்து வேட்டிகள் எழுந்து போகின்றன. சிப்காட் ஆலைகளின் நாற்றம் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குள் வரும், எந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமைப்புக்குள் ஒரு தோழர் தன்னிடம் தவறாக நடந்தார் என்று ஒரு பெண் சொன்னால், "இப்ப வேணாம்மா, அமைப்புக்குக் கெட்ட பேர்" என்கிறார்கள். தேர்தலுக்கு முன்பும் வேண்டாம், மாநாட்டுக்கு முன்பும் வேண்டாம் என்றால் எப்போதுதான் சொல்வது? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013இல் சட்டம் வந்தது. உறுப்பினருக்கும் கட்சிக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லாததால் புகார்க் குழு கட்டாயமில்லை என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. கட்டாயமில்லைதான். ஆனால் வைக்கக் கூடாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லையே! வெளியாள் ஒருவரையும் சேர்த்து இந்த மாதமே அமையுங்கள்.

கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைக்காதீர்கள். சமைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடும் பெண் பேசவா முடியும்? அவள் சொன்னதை அவள் பெயரோடு மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். மகளிரணி என்று தனி அறை கொடுத்துவிட்டுச் செயற்குழுக் கதவைச் சாத்தாதீர்கள். இதனால் ஒற்றுமை குலையும் என்பவர்கள், இத்தனை நாள் எங்கள் வாயை அடைத்துக் காத்த ஒற்றுமை எதைச் சாதித்தது என்று சொல்லட்டும்.

பொதுமக்களுக்கு ஒன்று. வசூலுக்கு இந்த அமைப்புகள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது கேளுங்கள்: உங்கள் செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர்? போன கூட்டத்தில் அவர்கள் சொன்னதில் எது தீர்மானமாயிற்று? பதில் வந்த பிறகு ரசீது வாங்குங்கள்.