துபாஷிக்குத் திறக்காத கதவு

புது லாப்டாப் வாங்கக் கடைக்குப் போனால் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்? கனம் எவ்வளவு, ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் தாங்கும், விலை என்ன, தவணை உண்டா, மூடியின் நிறம் நன்றாக இருக்கிறதா - இவ்வளவும் பார்த்து, பேரமும் பேசி, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் சிப் என்ன பாஷை பேசுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும், சகோதரிகளே! கேட்காமல் விட்டதால் வரும் சங்கடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களுடன் பேசப் போகிறேன்.

சங்கடம் எப்படி வரும் தெரியுமா? பிரசவ லீவு முடிந்து ஒரு பெண் மறுபடி வேலையில் சேருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சம்மதத்தை வாங்க அவள் எத்தனை பேரிடம் எத்தனை தடவை பேசியிருப்பாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டுப் புது லாப்டாப்பைத் திறக்கிறாள். ஆபீசில் கொடுத்த வி.பி.என். சாஃப்ட்வேரை ஏற்றுகிறாள். முக்கால்வாசி ஏறி, "டிரைவரை நிறுவ முடியவில்லை" என்று சொல்லி நின்றுவிடுகிறது. கணவர் பார்க்கிறார், மைத்துனர் பார்க்கிறார், "உங்கள் வீட்டு நெட்டில் கோளாறு" என்று யாரோ தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். "சரிப்படவில்லை என்றால் தினமும் ஆபீசுக்கே வந்துவிடுங்களேன்" என்று மேலதிகாரியிடமிருந்து தகவல் வருகிறது. பாடுபட்டு வாங்கிய சம்மதம் ஒரு சின்ன சாஃப்ட்வேரால் பறிபோகப் பார்க்கிறது!

நெட்டிலும் கோளாறு இல்லை. அந்தப் பெண்ணிடமும் கோளாறு இல்லை. விஷயம் வேறு.

வி.பி.என். என்பது வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே போடும் மூடிய பாதை. பொது வீதியான இன்டர்நெட்டின் வழியாகத்தான் போகிறோம்; ஆனால் திரை போட்ட பல்லக்கில் போவது போல, உள்ளே என்ன இருக்கிறது என்று வழியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இதற்காக அந்த சாஃப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் நெட்வொர்க் கார்டை உண்டாக்குகிறது. அதை உண்டாக்க, கெர்னல் என்று சொல்லப்படும் உள் அறைக்குள் டிரைவர் என்ற சின்னப் பகுதி ஒன்று நுழைய வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாஷைக்கு வருவோம். நெடுங்காலமாக வீட்டிலும் ஆபீசிலும் இருந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப் கொண்டவை. இரண்டும் பேசும் பாஷை ஒன்றே. எக்ஸ்86 என்று அதற்குப் பெயர். ஆர்ம் என்பது வேறு பாஷை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏக்கார்ன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் பிறந்தது. அதன் கட்டளைகளை வகுத்தவர் சோஃபி வில்சன் என்ற பெண்மணி. சிப்பின் அமைப்பைத் தீட்டியவர் ஸ்டீவ் ஃபர்பர். 1985 ஏப்ரல் 26-ந் தேதி முதல் சிப் வேலை செய்தது. அதைச் சோதித்தபோது மின்சாரம் எவ்வளவு எடுக்கிறது என்று அளந்தால், முள் பூஜ்யத்தில் நின்றதாம்! சிப்புக்குரிய மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்றக் கம்பிகளின் வழியாகக் கசிந்து வந்ததை வைத்துக்கொண்டே அது வேலை செய்திருக்கிறது. இப்படிச் சிக்கனமான பெண்ணை எந்த மாமியாருக்குத்தான் பிடிக்காது? அதனால்தான் உங்கள் கைப்பையில் இருக்கும் மொபைல் போனிலும் இந்தக் குடும்பத்துச் சிப்தான் இருக்கிறது. 2020 நவம்பரில் ஆப்பிள் கம்பெனி எம்1 என்ற பெயரில் இதை மாக் கம்ப்யூட்டரில் வைத்தது. விண்டோஸ் லாப்டாப்களில் 2024 ஜூன் முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

"அப்படியானால் பழைய பாஷையில் எழுதிய சாஃப்ட்வேர்கள் இதில் ஓடவே ஓடாதா?" என்று கேட்பீர்கள். ஓடும். நடுவில் ஒரு துபாஷி இருக்கிறார். மாக்கில் அவர் பெயர் ரொசெட்டா 2. புதிய விண்டோஸ் 11-இல் பிரிஸம். பழைய பாஷைக் கட்டளையைக் கேட்டு, புதிய பாஷையில் சொல்லுவது அவர்கள் வேலை. கணக்குப் போடும் சாஃப்ட்வேர், படம் வரையும் சாஃப்ட்வேர் எல்லாம் இப்படியே நடந்துவிடும். ஆனால் துபாஷிக்குக் கூடம் வரைதான் அனுமதி. சாவிக்கொத்து இருக்கும் உள் அறைக்குள், அதாவது கெர்னலுக்குள், அவர் வர முடியாது. அங்கே நுழையும் டிரைவர் புதிய பாஷையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் வி.பி.என். முக்கால்வாசி ஏறி நின்றதன் ரகசியம் இதுதான்.

மாக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. அந்தத் துபாஷியும் நிரந்தரமல்ல. மாக் ஓஎஸ் 27 வரையில்தான் ரொசெட்டா முழுமையாக இருக்கும் என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்துவிட்டது.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலில் உங்கள் கம்ப்யூட்டர் எந்த ஜாதகம் என்று பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் "சிஸ்டம் டைப்" என்ற வரி இருக்கும். அதில் ஆர்ம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மாக்கில் மூலையிலுள்ள ஆப்பிள் அடையாளத்தைத் தொட்டு, "அபவுட் திஸ் மாக்" என்பதைத் திறந்தால் சிப்பின் பெயர் தெரியும். ஆப்பிள் எம்1 என்பது போல இருந்தால் ஆர்ம்.

அடுத்தது, ஆபீசுக்கு எழுதுவது. "வி.பி.என். வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், "அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்ற பதில்தான் வரும். இப்படி எழுதுங்கள்: "என்னுடையது ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் 11 கம்ப்யூட்டர். நம் வி.பி.என். சாஃப்ட்வேருக்கு ஆர்ம்64 பதிப்பு உண்டா? இல்லையென்றால், விண்டோஸிலேயே இருக்கும் ஐ.கே.இ. 2 முறையில் சேர அனுமதி உண்டா? அதுவும் இல்லையென்றால், பிரௌசர் வழியாக வேலை செய்ய ஏற்பாடு உண்டா?" மூன்று கேள்விகள், மூன்றுக்கும் பதில் வராமல் போகாது. ஆர்ம்64 பதிப்பு அநேகமாக இருக்கும். பழைய பதிப்பையே எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்கள். வயர்கார்டு, ஓப்பன் வி.பி.என். ஆகிய இரண்டுக்கும் விண்டோஸ் ஆர்ம் பதிப்பு வெளிவந்திருக்கிறது. ஐ.கே.இ. 2 என்றால் தனி சாஃப்ட்வேரே வேண்டாம். விண்டோஸிலும் மாக்கிலும் அது பிறவியிலேயே உண்டு. ஆபீசில் சம்மதித்து விவரங்களைக் கொடுத்தால் போதும்.

புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன் பழையதை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். அரைகுறையாக ஏறிய பழையது உள்ளே கிடந்தால் புதியதுடன் மல்லுக்கு நிற்கும். மாக்கில் ஏற்றியதும் அனுமதி கேட்டு ஒரு செய்தி வரும்; அவசரத்தில் அதை மூடிவிட்டால் வி.பி.என். ஊமையாகிவிடும். செட்டிங்ஸுக்குப் போய் அனுமதி கொடுக்க வேண்டும்.

இனி இன்னொரு வகைச் சிக்கல். சிலர் மாக்கில் பேரலல்ஸ், வி.எம்.வேர் ஃபியூஷன் போன்றவற்றை வைத்து உள்ளே ஒரு விண்டோஸ் ஓட்டுகிறார்கள். இதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் ஒண்டுக்குடித்தனம்! வீட்டுக்காரர் மாக், குடியிருப்பவர் விண்டோஸ். "என் ஆபீஸ் வி.பி.என். மாக்கில் ஓடாவிட்டால் என்ன, உள்ளே இருக்கும் விண்டோஸில் ஓடட்டுமே" என்று நினைப்பது சகஜம். ஆனால் ஆர்ம் மாக்கில் அவை சாதாரணமாகக் குடிவைக்கும் விண்டோஸும் ஆர்ம் விண்டோஸ்தான். எனவே அங்கேயும் ஆர்ம் டிரைவர்தான் வேண்டும். யு.டி.எம். போன்றவற்றில் முழு இன்டெல் கம்ப்யூட்டரையே நடிக்க வைக்கலாம்; ஆனால் ஒரு கடிதம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

குடித்தனக்காரர் எந்த வாசல் வழியாகப் போகிறார் என்பதும் முக்கியம். "ஷேர்டு" அல்லது "நாட்" என்ற ஏற்பாட்டில் வீட்டுக்காரரின் வாசல்தான் இருவருக்கும். வீட்டுக்காரர் வி.பி.என். போட்டிருந்தால் குடியிருப்பவரும் பெரும்பாலும் அதே மூடிய பாதையில் போவார்; சில ஆபீஸ்கள் மட்டும் இதைத் தடுத்திருக்கும். "பிரிட்ஜ்டு" என்றால் தனி மாடிப்படி போல. குடியிருப்பவர் நேரே வீதிக்கு இறங்கிவிடுவார், வீட்டுக்காரரின் பாதை அவருக்கு உதவாது. உள்ளே வி.பி.என். போட்டாலோ, அது குடியிருப்பவருக்கு மட்டுந்தான். வீட்டுக்காரருக்குக் கிடையாது. ஆகவே மாக்கில் வி.பி.என். போட்டும் உள்ளே ஆபீஸ் திறக்கவில்லை என்றால், "பிரிட்ஜ்டு" என்பதை "ஷேர்டு" என்று மாற்றிப் பாருங்கள்.

"சேர்ந்துவிட்டது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை" என்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். சின்னச் செய்தி போய், பெரிய பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், கவருக்குள் கவர் வைத்ததால் தபால் பெட்டியின் வாயில் நுழையவில்லை என்று அர்த்தம். சாதாரணமாக 1500 பைட் போகும் இடத்தில் வயர்கார்டு 1420 என்று வைத்துக்கொள்வது இதற்காகத்தான். "எம்.டி.யு.வைக் குறைக்க வேண்டுமா?" என்று ஆபீசில் கேளுங்கள். ஆபீஸ் பக்கம் மட்டும் திறக்காமல் மற்ற எல்லாம் திறந்தால், உங்கள் வீட்டு ரௌட்டரும் ஆபீசும் 192.168.1 என்ற ஒரே தெருப் பெயரை வைத்திருக்கக்கூடும். கம்ப்யூட்டர் ஆபீஸைத் தேடி வீட்டுக்குள்ளேயே அலையும். ரௌட்டரில் 192.168.50 என்று மாற்றினால் தீர்ந்தது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சரிப்படவில்லையே என்ற ஆத்திரத்தில், யாரோ வீடியோவில் சொன்னார் என்று கம்ப்யூட்டரின் பாதுகாப்பைத் தளர்த்திவிடாதீர்கள். ஆர்ம் மாக்கில் பழைய மாதிரி டிரைவரை நுழைக்க, ரிகவரி என்ற இடத்துக்குப் போய்ப் பூட்டைத் தளர்த்த வேண்டும்; ஆபீசில் எழுத்து மூலம் சொன்னாலொழிய அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆபீஸ் வி.பி.என்.னுக்குப் பதிலாக இலவச வி.பி.என். எதையாவது ஏற்றினாலும் பயனில்லை. அது உங்களை ஆபீசில் கொண்டு விடாது. யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு வழியாக ஊர் சுற்றிக் காட்டும், அவ்வளவுதான்.

எல்லா வழியும் அடைபட்டால்? ஆபீசிலிருந்தே ஓர் இன்டெல் லாப்டாப் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களுடைய பூட்டுக்குப் பொருந்தும் சாவியை அவர்கள்தானே தர வேண்டும்? வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தால், பில்லை எடுத்து மாற்றித் தரும் கெடுவைப் பாருங்கள். கெடு தாண்டும் வரை சாஃப்ட்வேருடன் மல்லாடிக்கொண்டிருக்காதீர்கள். இனி வாங்கப் போகிறவர்கள், கடைக்குக் கிளம்பும் முன்பே ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "ஆர்ம் கம்ப்யூட்டர் வாங்கலாமா?" ஆம் என்று எழுத்தில் பதில் வந்தால், நிம்மதியாகப் போய் நிறம் பாருங்கள்.