கண்ணியும் காவலும்

கண்ணியைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு குரல்களே கேட்கின்றன. முதலாவது, கண்ணி என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கிற நகரத்துக் குரல். மார்கழி இரவில் மேக்கரையிலோ வடகரையிலோ ஒரு வயல் வரப்பில் விடியும்வரை உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் கிடையாது. இரண்டாவது குரல் நம்முடையது. இலக்கியம் வாசிக்கிறவர்களின் குரல். கண்ணி வைப்பது மண்சார்ந்த ஞானம், வேட்டை மரபின் கடைசி மிச்சம், எளியவனின் தற்காப்பு என்றெல்லாம் அது உருகுகிறது. என் வழக்கு இந்த இரண்டாவது குரலோடுதான். முதல் குரல் அறியாமையால் பேசுகிறது. இரண்டாவது, எல்லாம் அறிந்த தோரணையில் பேசுகிறது. ஆகவே அதன் தீங்கு அதிகம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையத்திலிருந்து குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை, வடகரை, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் வழியாகச் சிவகிரி வரைக்கும் மலையடிவாரம் நீண்டு கிடக்கிறது. மேற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும், 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயமும். கிழக்கே நெல்லும் வாழையும் தென்னையும் மாவும் எலுமிச்சையும். இன்னும் கிழக்கே போனால் மானாவாரி மக்காச்சோளம். குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து, குளிக்க வந்த கூட்டம் கலைந்த பிறகு, வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசான நெல் நடப்படுகிறது. மார்கழியிலும் தையிலும் கதிர் பால் பிடிக்கும். அந்த வாசனைக்குக் காட்டுப் பன்றி இறங்கும். பன்றி தின்பது கொஞ்சம், உழக்கி அழிப்பது அதிகம். ஓர் இரவில் ஒரு கூட்டம் புகுந்து போனால், அந்தத் துண்டு நிலத்தை நம்பி வாங்கிய கடன் மட்டும்தான் மிஞ்சும். இந்த இழப்பை மறுக்கிற எவரோடும் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அந்த இழப்புக்குக் கண்ணி பதிலா? இதுதான் கேள்வி.

இன்று கண்ணி என்று நாம் சொல்வது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் வயர் அல்லது பிரேக் வயர். பழைய இரும்புக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு முனையில் சுருக்கு, மறு முனை ஒரு மரத்தின் தூரில் அல்லது ஆழமாக அடித்த முளையில். விலங்கு நடக்கும் தடத்தில், புதருக்கும் வேலிக்கும் இடையிலான சந்தில், அதன் தலை நுழையும் உயரத்தில் தொங்கவிட்டால் போதும். தலை நுழைந்தபின் விலங்கு முன்னே போகப் போகச் சுருக்கு இறுகும். பின்னுக்கு இழுத்தாலும் தளராது. வைத்தவர் வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கலாம், வராமலும் இருக்கலாம். கம்பி காத்திருக்கும்.

மரபு என்று வாதிடுகிறவர்கள் தவறாமல் எடுத்து வைக்கிற சாட்சி ஒருவன் உண்டு. திருக்குற்றாலக் குறவஞ்சியின் சிங்கன். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய அந்த நூலில், பறவை பிடிக்கக் கண்ணியோடு வருகிறவன் அவன். நூவன் அவனுக்குத் துணை. நூலை இயற்றியதற்காக மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார் என்பதும், குறவஞ்சிமேடு என்ற பெயரில் அந்த நிலம் வழங்கியதும் பலர் அறிந்தது. கண்ணியைப் பாடியவனுக்கு நிலம் கொடுத்த மண் இது, இங்கே வந்து கண்ணியைக் குற்றம் என்கிறாயே என்று கேட்கிறார்கள்.

சிங்கனைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கலாம் என்பதே என் பதில். சிங்கன் கண்ணியைக் குத்திவிட்டு ஊருக்குப் போகிறவன் அல்ல. அவன் மனம் சிங்கியைத் தேடி எங்கெங்கோ அலைந்தாலும் அவனும் நூவனும் களத்தில் இருக்கிறார்கள். எந்தப் பறவை வருகிறது, எங்கே இறங்குகிறது என்று அவர்கள் பேசிக்கொள்வதில்தான் அந்தப் பகுதியின் உயிரே இருக்கிறது. வந்தது எது என்று பெயர் சொல்லத் தெரிந்தவனின் வேட்டை அது. பழைய கண்ணிக்கு வேறொரு வரம்பும் இருந்தது. நாரிலும் நரம்பிலும் முறுக்கியவை மழையில் நைந்துபோகும். வைத்தவன் மறந்தாலும் ஒரு பருவத்துக்குள் மண் அதைத் தின்றுவிடும். கிளட்ச் வயருக்கு அந்தக் கருணை கிடையாது. வைத்தவன் மறந்துபோன பின்னும், ஊரைவிட்டே போன பின்னும், அது அதே உயரத்தில் அதே வாயோடு தொங்கிக்கொண்டிருக்கும். சிங்கனின் கண்ணிக்கும் இதற்கும் பெயர் மட்டுமே பொது. பெயர் ஒன்றாக இருப்பதை மரபின் தொடர்ச்சி என்று சொல்வது சோம்பேறித்தனமான வாசிப்பு.

வருவது எது என்று கம்பிக்குத் தெரியாது என்பதை மலையடிவாரத்தில் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பன்றிக்கு வைத்த உயரம்தான் சிறுத்தைக்கும் கரடிக்குட்டிக்கும் மிளாக் கன்றுக்கும் முள்ளம்பன்றிக்கும் நரிக்கும் நாய்க்கும். வளர்ந்த ஆண்பன்றி பலநேரம் முளையைப் பிடுங்கிக்கொண்டு, கழுத்தில் இறுகிய கம்பியோடு போய்விடும். புண் அழுகி எங்கோ ஒரு புதரில் சாகும். சிறுத்தைக்குப் பெரும்பாலும் இடுப்பில் சிக்கும். உதறித் திமிற, உள்ளுறுப்புகள் நசுங்கும். மயக்க ஊசி போட்டு உயிரோடு மீட்டாலும் பல சமயம் பிழைப்பதில்லை. தமிழகத்தின் மலை மாவட்டங்களில் இது அவ்வப்போது வந்துபோகிற செய்தி. நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரி.

இனி தற்காப்பு வாதம். இதைத்தான் நான் மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இதில் ஒரு மனிதனின் வயிறு இருக்கிறது. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். பயிர் வைத்திருப்பவனுக்கு வேண்டியது விலங்கு வராமல் இருப்பது. கண்ணிக்கு வேண்டியதோ விலங்கு வருவது. வேலியும் விளக்கும் பரணும் தகரச் சத்தமும் விலங்கைத் திருப்பி அனுப்புகின்றன. கண்ணி அதற்காகவே சந்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. பயிரைக் காக்கவென்று வைத்ததாகச் சொல்லப்படும் கம்பிகள் வயலை ஒட்டி இல்லாமல், காட்டுக்குள் நீர்நிலைக்குப் போகிற தடத்தில் ஏன் கிடக்கின்றன? அங்கே எந்தக் கதிரும் பால் பிடிக்கவில்லை. அங்கே இருப்பது கறி. காட்டுப் பன்றிக் கறிக்கு இரகசியச் சந்தை உண்டு என்பது ஊரறிந்த விஷயம். கடனாளி விவசாயியின் கண்ணீரை முன்னால் காட்டிவிட்டு, பின்னால் நடக்கிற கறி வியாபாரத்துக்குத்தான் நம் இலக்கிய அன்பர்கள் மரபு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணி பலன் தராது என்பதற்கு உலகிலேயே மிகப் பெரிய சாட்சி வட அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கயோட்டி என்றொரு விலங்கு; ஓநாய்க்கும் நம் நரிக்கும் இடைப்பட்ட உருவம். ஆட்டுக்குட்டிகளைத் தின்கிறது என்பதற்காக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதைப் பொறி வைத்தும், கம்பிச் சுருக்கு வைத்தும், நஞ்சிட்டும், சுட்டும் கொன்று வருகிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் ஒரு பிரிவு மட்டுமே ஆண்டுதோறும் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொல்கிறது. அங்கே கண்ணிக்குச் சட்டமும் உண்டு. உரிமம், பருவம், பல மாநிலங்களில் வைத்தவரின் பெயர் பொறித்த தகடு, இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாக வேண்டும் என்ற விதி, மான் சிக்கினால் விடுபடும்படியான கொக்கி. நம் மலையடிவாரத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவும் இருந்து என்ன நடந்தது? ஒருகாலத்தில் மேற்குச் சமவெளிகளிலும் பாலைகளிலும் வாழ்ந்த கயோட்டி இன்று ஏறத்தாழ அந்தக் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. பெருநகரங்களின் பூங்காக்களில்கூட அலைகிறது. போட்டியாக இருந்த ஓநாயை அழித்ததும் அதற்கு வழிவிட்டது.

அங்கே கண்ணிப் பருவம் குளிர்காலம். ஏன் குளிர்காலம்? ஆட்டுக்குட்டிகள் பெரும்பாலும் பிறப்பது வசந்தத்தில். ஆனால் கயோட்டியின் ரோமம் அடர்ந்து விலைபோவது குளிரில். பருவத்தைத் தீர்மானித்தது ஆடு அல்ல, தோல். குளிர்சட்டைகளின் தொப்பி விளிம்பில் கயோட்டி ரோமம் வைத்து விற்ற கனடா கூஸ் நிறுவனம், இனி ரோமம் வேண்டாம் என்று 2021இல் அறிவிக்கும்வரை அந்த விளிம்பு ஒரு நாகரிகச் சின்னமாகவே இருந்தது. ஆடு வளர்ப்பவனின் பெயரைச் சொல்லித் தோல். இங்கே நெல் வளர்ப்பவனின் பெயரைச் சொல்லிக் கறி. வேட்டைக்காரன் உடல்களை எண்ணுகிறான், விவசாயி மூட்டைகளை எண்ணுகிறான். முதல் கணக்கு ஏறுவதால் இரண்டாவது ஏறிவிடும் என்று யார் சொன்னது? நாலு மாதத்துக்கும் குறைவான கர்ப்பத்தில் ஒரே ஈற்றில் நாலைந்து குட்டி போடுகிற பன்றிக்கு முன்னால், இறந்த உடல்களின் கணக்கு ஒன்றையும் நிரூபிப்பதில்லை. அதே கம்பியில் சிக்கும் நரிக்கும் சிறுத்தைக்கும் அந்த வேகத்தில் பெருகத் தெரியாது. சிறுத்தை பன்றிக்குட்டியைத் தின்பது. நரி வயல் எலியைத் தின்பது. கண்ணி வைக்கிறவன் தன் வயலின் சம்பளமில்லாத காவலர்களைத் தூக்கிலிடுகிறான்.

மரபு என்ற சொல்லின் எல்லையை நம் மாநிலத்திலேயே பார்க்கலாம். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் தைப் பொங்கலையொட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து ஊருக்குள் ஓடவிடுவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கை. ஓட்டம் முடிந்ததும் காட்டில் விட்டுவிடுகிறோம் என்பார்கள். வனத்துறை தடுத்தும் அபராதம் விதித்தும் வருகிறது. நான் வனத்துறையின் பக்கமே நிற்கிறேன். ஆனாலும் அந்த ஊர்க்காரர்களிடம் ஒன்று உண்டு. பிடித்தது எது என்று அவர்களுக்குத் தெரியும், பிடித்தோம் என்று சொல்வதற்கு அஞ்சுவதுமில்லை. பெயரற்ற கம்பியைக் காட்டில் தொங்கவிட்டு ஓடுகிறவனுக்கு அந்தக் குறைந்தபட்ச மரபுகூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. சிறுத்தை போன்ற முதல் பட்டியல் விலங்கு சிக்கினால் மூன்று முதல் ஏழாண்டு சிறை. சரிதான். ஆனால் சட்டத்தைக் காட்டி விவசாயியை அடக்குகிற அரசு, அவனுக்கு என்ன கொடுத்தது? 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைக் கொல்லக் கூடாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வரைபடத்தில் இது அழகாக இருக்கிறது. மேக்கரையில் நின்று பாருங்கள். காட்டை ஒட்டிய வயல்கள் எல்லாம் அந்த முதல் வட்டத்துக்குள். அதிகம் இழப்பவனுக்கு மிகக் குறைந்த நிவாரணம். அவனுக்கு எஞ்சுவது இழப்பீட்டு மனு. அதற்கு அடங்கல் வேண்டும். குத்தகைக்கு உழுகிறவனின் பெயர் அடங்கலில் இருப்பது அரிது. நட்டம் உழுதவனுக்கு, காகிதம் உடையவனுக்கு. இந்த இடைவெளியில்தான் கிளட்ச் வயர் நுழைகிறது. அதைவிடக் கொடியதாக, வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் ஏற்றுகிற வழக்கமும் நுழைகிறது. யானையும் சாகிறது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரனும் சாகிறான்.

பழையதில் எதையாவது மீட்க வேண்டும் என்றால் நாம் மீட்க வேண்டியது காவலை. பரண் கட்டி, முறைவைத்து, ஊராகச் சேர்ந்து விழித்திருந்த ஏற்பாடு அது. இன்று அது ஏன் குலைந்தது என்பது இரகசியமல்ல. இளைஞர்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். பரணில் உட்காரக் கிழவர்கள்தான் மிச்சம். விழித்திருக்க ஆள் இல்லாத இடத்தில் கம்பி விழித்திருக்கிறது. ஆகவே இரவுக் காவலைக் கூலி வேலையாக்க வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரை மலையடிவார ஊர்கள்தோறும் உள்ளூர் ஆட்களை அரசு சம்பளத்துக்கு அமர்த்தட்டும். விளக்கும் பரணும் கொடுக்கட்டும். விதிமுறைப்படியான சூரிய மின்வேலியைத் தனித்தனி வயலுக்கு அல்லாமல் ஊருக்குப் பொதுவாகப் போடட்டும். இழப்பீட்டை உழுகிறவன் கையில் கொடுக்கட்டும். இவை எதுவும் காவியத்தன்மை கொண்டவை அல்ல என்பது எனக்குத் தெரியும். சம்பளப் பட்டியலைப் பற்றி எவரும் குறவஞ்சி பாடப் போவதில்லை.

ஆனால் எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கண்ணியை அழகுபடுத்துகிற ஒவ்வொரு வாக்கியமும், அரசு தர வேண்டியதைத் தராமல் தப்பித்துக்கொள்ள உதவுகிறது. விவசாயி தன்னைத் தானே காத்துக்கொள்கிறான், அது அவன் மரபு என்று நாம் எழுதிவிட்டால் அரசுக்கு என்ன கவலை? அவனுக்கு மரபைக் கொடுத்துவிட்டோம். கூலியும் இழப்பீடும் எதற்கு? மரபைப் போற்றுகிறோம் என்ற பெயரில் அவனை ஒரு துண்டுக் கம்பியோடு தனியே விட்டுவிடுகிறோம். அவன் கம்பியில் முதலில் சிக்குவது பன்றியாக இருக்கலாம், சிறுத்தையாக இருக்கலாம். வழக்கு வரும்போது சிக்குவது அவன்தான். அவனுக்காக அப்போது எந்த இலக்கியவாதியும் செங்கோட்டை நீதிமன்ற வாசலில் நிற்கப் போவதில்லை.