தவறாத மருந்தும் சங்கத்தின் கடமையும்

கூட்டுறவு இதழில் நோயைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். உழைக்கும் வயதினரையே பெரிதும் பற்றும் நோய் எதுவும் சங்கத்துக்குப் புறம்பானதன்று என்பதே என் விடை.

1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி டாக்டர் நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் பரவியிருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அப்போது அதற்கு மருந்தில்லை. 1987-இல் சிடோவுடின் என்னும் மருந்து வந்தது. தனித்துக் கொடுத்தபோது அதன் பயன் நீடிக்கவில்லை. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை நிலைபெற்ற பின்னரே நோயாளிகள் நெடுநாள் வாழலாயினர். 2004 ஏப்ரல் முதல் தேதி தொடங்கி இம்மருந்துகளை நம் அரசு இலவசமாக வழங்கி வருகிறது. வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அதற்கான ஏ.ஆர்.டி. மையம் உண்டு.

இலவச மருந்து கிடைத்தும் சிலருக்குச் சிகிச்சை தோற்பது ஏன்? சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடிக் கிருமிகள் பிறக்கின்றன. ஜக்கார்டு அட்டையைப் பார்த்து வேறோர் அட்டை குத்துபவர், குத்தியதைச் சரிபாராமலே விட்டால் என்னவாகும்? பிழைபட்ட அட்டை பிழைபட்ட சேலையையே நெய்யும். இக்கிருமியும் தன்னைப் படியெடுக்கையில் சரிபார்ப்பதில்லை. பிழைகளுட் பல அதற்கே கேடாய் முடியும்; ஒன்றிரண்டு மருந்தை எதிர்த்து நிற்கும் வன்மையைத் தந்துவிடும்.

மருந்து முழு அளவில் இரத்தத்தில் இருக்கும்வரை கிருமி பெருகுவதில்லை. ஆகவே புதிய பிழைகளும் தோன்றுவதில்லை. வேளைகள் தவறி மருந்தின் அளவு குறையும்போதுதான் ஆபத்து. அரை அளவு பூச்சிமருந்து தெளித்த வயலில், தப்பிய பூச்சியின் சந்ததி அடுத்த பருவத்தில் முழு அளவுக்கும் அசையாதிருப்பதைப் பயிரிடுவோர் அறிவர். இங்கும் அவ்வாறே. லாமிவுடின், நெவிராபின் போன்றவற்றை முறியடிக்க ஒரே ஒரு மாறுதல் போதும். இப்போது தரப்படும் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையை எதிர்ப்பது கிருமிக்கு எளிதன்று. எனினும் அசட்டைக்கு அது உரிமைச் சீட்டாகாது.

மருந்து தவறுவதை நோயாளியின் ஒழுக்கக் குறைவென்று பேசுவது நம்மிடையே வழக்கம். அவ்வழக்கம் தவறு என்பது என் துணிபு. காசிமேட்டிலிருந்து தங்குகடல் மீன்பிடிப்புக்குச் செல்பவர், கரை திரும்புமுன் மாத்திரை தீர்ந்தால் என் செய்வார்? எண்ணூரில் நாட்கூலி பெறுபவர் மையத்துக்குச் சென்றால் அன்றைய கூலியை இழக்கிறார். உடன் வேலை செய்வோர் கண்டுவிடுவரோ என்றஞ்சி மாத்திரையை ஒளித்து வைப்பவர், வேளை வரும்போது அதை எடுக்க இடமின்றித் தவிக்கிறார்.

இவற்றுள் எதுவும் மருத்துவரால் மட்டும் தீர்வதன்று, சங்கத்தால் தீரும். மாதம் ஒரு நாள் காரணம் கேளாத விடுப்புக்கு இடம் செய்யலாம். பொது நல நிதியிலிருந்து, நோயின் பெயரைக் கேளாமலே, மருத்துவ வழிச்செலவு வழங்கலாம். நிலைமை சீரானவர்களுக்குப் பல மாத மருந்தை ஒருசேரத் தரும் ஏற்பாடு மையங்களில் உண்டு என்பதைக் கடலோடிகளுக்கு அறிவிக்கலாம். கடன் மனுவில் உடல்நிலையைத் துருவாதிருக்கலாம். இது வெறும் தயவன்று: 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பிலுள்ள எச்.ஐ.வி. சட்டம், வேலையில் பாகுபாடு காட்டுவதையும் ஒருவரது நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் தடை செய்கிறது.

முதல் தவணை தவறியபோதே வீடு தேடிச் சென்று காரணம் கேட்பவரே நல்ல காரியதரிசி. சிகிச்சையிலும் அத்தகைய சோதனை ஒன்றுண்டு. இரத்தத்தில் கிருமியின் அளவைக் காணும் பரிசோதனை, ஆண்டுதோறும் இலவசமாகச் செய்யப்படுகிறது. அளவு 1,000-ஐத் தாண்டினால், மருந்தை ஒழுங்காக உண்ணச் செய்து மீண்டும் சோதித்த பின்னரே மருந்தை மாற்றுவர். அந்த இடைக்காலத்தில் நோயாளிக்கு வேண்டுவது வசையன்று. வேளை தவறாமல் மாத்திரை உண்ண வழி. அளவு காணவொண்ணாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து நோய் பிறர்க்குத் தொற்றுவதுமில்லை.

வரும் பொதுக்குழுவில் நிர்வாகிகள் இவ்விடுப்பையும் வழிச்செலவையும் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். எவருக்காக என்ற கேள்வி அங்கு எழாதிருக்கட்டும். அக்கேள்வி எழாத சங்கத்தில்தான் மருந்து தவறாது.