ஆகாயத்தில் வேலி

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தூரம் இயற்கை வகுத்தது. அதைக் கூட்டவோ குறைக்கவோ மனிதனால் இயலாது என்று பூகோள சாஸ்திரத்தில் படித்தோம். விமானப் போக்குவரத்தின் சரித்திரமோ வேறு விதமாகச் சொல்லுகிறது.

பின்லாந்தின் ஹெல்ஸிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு நேர் வழியில் சுமார் 7,800 கிலோமீட்டர். அவ்வழியின் பெரும்பகுதி ருஷியாவின் ஸைபீரியப் பிரதேசத்தின் மேல் செல்லுகிறது. 1983-ல் பின்லாந்தின் விமானக் கம்பெனி இவ்விரு நகரங்களுக்கிடையே நடுவில் இறங்காத பிரயாணத்தை ஆரம்பித்தபோது, ஸோவியத் ஆகாயத்தை விலக்கி, வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தது. பிரயாண காலம் சுமார் 13 மணி. பின்னர் ஸைபீரிய வழி திறந்தது. பிரயாணம் ஒன்பதரை மணிக்குள் அடங்கிற்று. 2022 பிப்ரவரியில் ருஷியா உக்ரேன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ருஷிய விமானங்களுக்குத் தன் ஆகாயத்தை அடைத்தது. ருஷியாவும் பதிலுக்கு அடைத்தது. உடனே பிரயாண காலம் மீண்டும் சுமார் 13 மணியாயிற்று. 39 வருஷங்களில் யந்திரங்கள் அடைந்த அபிவிருத்தியெல்லாம் ஒரே உத்தரவில் பயனற்றுப் போயிற்று!

சட்டம் என்ன சொல்லுகிறது? 1944-ம் வருஷத்துச் சிகாகோ உடன்படிக்கையின் முதல் ஷரத்து, ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தன் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்தில் பூரண ஆதிபத்தியம் உண்டென்கிறது. இறங்காமல் கடந்து செல்லும் உரிமையைப் பரஸ்பரம் வழங்கிக்கொள்ளத் தனி ஒப்பந்தம் ஒன்று அதே மகாநாட்டில் ஏற்பட்டது; ருஷியா அதில் சேரவில்லை. கப்பலின் நிலைமை வேறு. பிறர் கரையோரக் கடலிலும் தீங்கின்றிக் கடந்து செல்லும் உரிமை அதற்குண்டு. ஆகாய விமானத்திற்கு அவ்வுரிமை இல்லை.

ராஜ்யங்களின் பாதுகாப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரேனின் மேல் மலேசிய விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். யுத்தகளத்தின் மேலுள்ள வழியை அடைப்பது விவேகமே. ஆனால் ஸைபீரியா யுத்தகளமா? பிரயாணிகளைத் துன்புறுத்திப் பகைவனைத் தண்டிப்பது நீதியாகுமா?

இது அயலார் விவகாரம் மட்டுமன்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கும், அதே மாதத்தில் இந்தியா பாகிஸ்தான் விமானங்களுக்கும் ஆகாயத்தை அடைத்தன. டில்லியிலிருந்து லண்டன் செல்லும் இந்திய விமானமும் சுற்றுவழி செல்ல நேர்ந்தது. சச்சரவு சர்க்கார்களுடையது; அதிகக் காலமும் எண்ணெய்ச் செலவும் ஜனங்களுடையவை.

ஆகவே, ஆபத்துள்ள இடங்கள் நீங்கலாக, சமாதானப் பிரயாண விமானம் கடந்து செல்லும் உரிமையைக் கப்பலின் உரிமையைப் போலவே சர்வதேசச் சட்டத்தில் ஸ்தாபிக்க வேண்டும். அடைப்பவர் காரணத்தை நடுநிலையான சபையின்முன் ருசுப்படுத்தட்டும். பூமியில் மனிதன் போட்ட வேலிகள் போதும். ஆகாயத்திலும் அவற்றை நாட்ட வேண்டாம்.