வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலையா?



"வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட, பன்னிரண்டு பேர் சிரித்திருக்கிறீர்கள். தானே சாதிக்க முடியாதவன்தான் சொல்லிக்கொடுக்க வருவான் என்ற நினைப்பு! கிரிக்கெட்டைச் சொன்னால் கட்சி பிரிந்துவிடுவீர்கள். அதனால் அமெரிக்கக் கூடைப்பந்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ஸ்டீவ் கெர் என்.பி.ஏ.வில் 910 லீக் ஆட்டங்கள் ஆடியவர். அதில் தொடக்க ஐவரில் இறங்கியது 30 முறைதான். சராசரி, ஆட்டத்துக்கு 6 புள்ளி. பெரும்பாலும் பெஞ்சுதான். ஆனால் சிகாகோவில் ஃபில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் கிரெக் பாப்பவிச் என்று இரண்டு பெரிய பயிற்சியாளர்களை அருகிலிருந்து பார்த்தார். 2014இல் கோல்டன் ஸ்டேட் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2015, 2017, 2018, 2022 என நான்கு கோப்பைகள்!

மேஜிக் ஜான்சன் ஆட்டத்தில் மேதை. 1994இல் தம்முடைய லேக்கர்ஸ் அணிக்கே பயிற்சியாளரானார். 16 ஆட்டம், 5 வெற்றி, 11 தோல்வி. அத்தோடு விலகிவிட்டார். தனக்குத் தானாக வந்ததை, வராதவனுக்குப் பிரித்துப் பிரித்துச் சொல்வது வேறு வித்தை ஐயா!

"பில் ரஸ்ஸல்?" என்று விவரமறிந்தவர்கள் கேட்பீர்கள். உண்மை. பாஸ்டன் அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து 1968, 1969இல் வென்றவர். நட்சத்திர வீரர் பயிற்சியாளராக முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆடத் தெரிந்தாலே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

2015 இறுதிச் சுற்றில் கெர் அணி 1-2 என்று பின்தங்கியது. உயரமான ஆண்ட்ரூ போகட்டுக்குப் பதில் ஆண்ட்ரே இகுடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கலாம் என்று யோசனை சொன்னவர் நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர். கெர் ஏற்றார். அடுத்த மூன்று ஆட்டமும் வெற்றி. யோசனை யாருடையது என்பதையும் ஊரறியச் சொன்னார். சின்னவர் சொன்னாலும் சரியென்றால் ஏற்பது, பெருமையை அவருக்கே கொடுப்பது. இதெல்லாம் வாக்கற்றவன் செய்கிற காரியமா?

இப்போது ஏன் சொல்கிறேன்? என் பழைய மாணவர் ஒருவரின் மகள் பி.எட். சேர ஆசைப்படுகிறாள். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு வாத்தியார் வேலையா?" என்று வீட்டில் தடுக்கிறார்கள். தடுக்காதீர்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிக்கொடுக்க அவளைப் போன்ற ஒருத்தி வேண்டும்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல்!